பன்னிரண்டு நிமிடச் சுவர்

வேலை வெட்டி இல்லாதவனைப் பார்த்து, ‘விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறான்’ என்று சொல்வது வழக்கம். விட்டத்தைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருவர் இருந்தார். வீடுகளுக்கு வர்ணம் பூசுகிறவர். சுவருக்குப் பூச எத்தனையோ பேர் கிடைப்பார்கள். தலைக்கு மேலே இருக்கும் தளத்துக்கு, ஒரு கோடு தெரியாமல், ஒரு சொட்டு தரையில் விழாமல் பூச வேண்டுமென்றால் அவரைத்தான் தேடுவார்கள். கட்டட வேலைக்காரர்கள் அவருக்கு விட்டத்துக்காரர் என்று பெயர் வைத்து, அந்தப் பெயரே நிலைத்தும் போனது.

இருபத்திரண்டு வருடம் அண்ணாந்தபடியே போயிற்று. ஏணியின் மேல்படியில் நின்றால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். ரோலர் ஈரத்தோடு உருளும் சத்தம் மட்டும் கேட்கும். பூசிய இடம் முதலில் தண்ணீர்போல மினுங்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடியில் ஊதிய மூச்சு மறைவதுபோல அந்த மினுக்கம் ஓரத்திலிருந்து அடங்கி வரும். அந்த நேரத்தில் அவருக்குப் பசி தெரியாது, மணி தெரியாது. “அண்ணே, கீழ இறங்குங்க, டீ ஆறுது” என்று கூட்டாளி நெட்டை சத்தம் போட்டால்தான் உலகத்துக்கு வருவார். நெட்டை, பெயருக்கேற்ற உயரம். ஏணி இல்லாமலே பாதிச் சுவரை முடித்துவிடுவான்.

ஒரு பல் டாக்டரின் அறையில் வேலை நடந்தபோது அவர் விழுந்தார். பெரிய உயரமெல்லாம் இல்லை, நாலே படி. ஏணியின் ஒரு கால் விரிப்பின் மடிப்பில் வழுக்கியது. இடது தோள் ஜன்னல் கட்டையில் இடித்து, அப்புறம்தான் தரை. வர்ண டப்பா பக்கத்தில் கவிழ்ந்து, வெள்ளை மெதுவாகப் பரவி அவர் காதுவரை வந்தது. வலி அப்போது தெரியவில்லை. ‘இந்த வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கூடிவிட்டதே’ என்றுதான் நினைத்தாராம். பிற்பாடு அதைச் சொல்லிச் சிரிப்பார்.

கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் காறை எலும்பு முறிந்திருந்தது. ஆறு வாரம் கையைத் தொட்டிலில் போட்டதுபோலத் தொங்கவிட்டார்கள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, “அழகா கூடிடுச்சு. இனிமே நீங்க தாராளமா வேலைக்குப் போகலாம்” என்றார்.

எலும்புக்குத் தெரிந்தது வலிக்குத் தெரியவில்லை. காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்து வழியாகத் தோளில் இறங்கி, கையின் உட்புறமாக ஓடி, கடைசி இரண்டு விரல்களில் போய் நின்றுகொண்டு அது துடித்தது. சில நாள் நூல்போல, சில நாள் கயிறுபோல. கூடிய எலும்புக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல நடந்துகொண்டது.

அடுத்த இரண்டு வருடத்தில் ஏழு டாக்டர்கள். ஊசி, மாத்திரை, சூடு, ஐஸ், கழுத்துப் பட்டை. தலையணை மட்டும் ஒன்பது சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றையும் ஒருவர் ‘இதுதான் சரி’ என்று சொல்லிக் கொடுத்திருந்தார். மனைவி அவற்றை அலமாரி மேல் அடுக்கிவைத்துவிட்டு, “நம்ம வீட்டுல தலைதான் குறைச்சல்” என்றாள். அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, “இப்பத் தெளிவா இருக்கா? இப்ப?” என்று கேட்பது அவள் தொழில். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கணவனிடமும் அதே கேள்விதான்.

“இப்பப் பரவாயில்லையா? இப்ப?”

முதல் வருடம் அந்தக் கேள்வி அவருக்கு இதமாக இருந்தது. இரண்டாம் வருடம் எரிச்சலூட்டியது. அவள் கேட்பதை நிறுத்தியபோது, நிறுத்திவிட்டாளே என்று இருந்தது.

மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், வாசலிலேயே நின்று அம்மாவிடம் கிசுகிசுப்பாள்: “அப்பா முகம் எப்படி இருக்கு?” முகம் நன்றாக இருந்தால் பாட்டுக் கேட்கலாம். இல்லாவிட்டால் பூனை நடை. உள்ளே படுத்திருந்தவர் காதில் அந்தக் கிசுகிசுப்பு ஒவ்வொரு நாளும் விழுந்தது. கேட்காததுபோல் கண்ணை மூடிக்கொள்வார்.

அவர் படுக்கையில் படுப்பதை விட்டுவிட்டுத் தரையில் பாய் விரித்துப் படுக்கப் பழகியிருந்தார். மூன்றாம் மாடி வீடு. பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் ஒரு திறந்த தண்ணீர்த் தொட்டி. பகல் பத்து மணிக்கு மேல் அந்தத் தண்ணீரில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக அவர் வீட்டுத் தளத்தில் வந்து ஆடும். மாத்திரையின் மந்தத்தில், தான் கீழே கிடக்கிறோமா, மேலே அந்தத் தண்ணீரில் மிதக்கிறோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். காற்றடித்தால் வெளிச்சம் சுருங்கி விரியும். வலியும் அதோடு சேர்ந்து சுருங்கி விரிவதுபோல இருக்கும். கண்ணை மூடினால் இமைக்குள் நிறங்கள் வரும். தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஏதோ ஒரு வராந்தாவில் நாட்கள் பஞ்சுபோலப் போய்க்கொண்டிருந்தன. திங்களா வியாழனா என்று மனைவியின் சேலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்.

இடது கையை உயர்த்துவதை எப்போது நிறுத்தினார் என்று அவருக்கே தெரியாது. முதலில் தலைக்கு மேல் தூக்கவில்லை. பிறகு தோள்வரைக்கும் தூக்கவில்லை. கடைக்குப் போனால் எல்லோருக்கும் முழங்கை மட்டுமே இருப்பதாகத் தெரியும். யார் இடித்துவிடுவார்களோ என்று சுவரோரமாகவே நடப்பார். பிறகு கடைக்கும் போகவில்லை. உலகம் இரண்டு அறையாகச் சுருங்கியது.

கடைக்குப் போவதை விடுவதற்கு முன்னால் ஒரு நாள் நெட்டை வந்து, சொல்லலாமா வேண்டாமா என்று நாற்காலியில் நெளிந்தான்.

“என்னடா?”

“ஒண்ணுமில்லண்ணே. நம்ம கொத்தனார் இருக்காரே, போன மாசம் உங்களை ரொட்டிக் கடையில பாத்தாராம். யார்கிட்டயோ சிரிச்சுப் பேசிட்டிருந்தீங்களாம். ‘வலிக்கிறவன் இப்படியா சிரிப்பான்?’னு கேக்கறார். நான் நல்லா திட்டிவிட்டுட்டேன்.”

அவர் பேச்சை மாற்றினார். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே சிரிப்பதை நிறுத்தினார். அதைவிட மோசம், தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தார். படத்தில் ஒன்றுமில்லை. எலும்பு கூடிவிட்டது. எனக்கு நிஜமாகவே வலிக்கிறதா, இல்லை நானாக வரவழைத்துக்கொள்கிறேனா? யாரும் பார்க்காதபோது வலது கையால் இடது தோளை அழுத்திப் பார்ப்பார். வலித்தால், விசித்திரமாக, ஒரு நிம்மதி வரும்.

மூன்றாம் வருடம் ஒரு காலையில் எழுந்தபோது வலி கிட்டத்தட்ட இல்லை. நம்ப முடியாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். மனைவி வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனார்கள். போன சூட்டோடு, பழைய உடுப்பை மாட்டிக்கொண்டு, சமையலறை அலமாரியை ஒற்றை ஆளாக நகர்த்தினார். சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நாலு மணிக்குள் சமையலறை முழுவதும், தளம் உட்பட, பளிச்சென்று ஆகிவிட்டது. மூன்று வருடத்து வேலையை ஒரே நாளில் வட்டியோடு பிடித்துவிட்டதுபோல ஒரு வெறி.

மனைவி கதவைத் திறந்தாள். ஒரு மூச்சு நேரம் முகம் மலர்ந்தது. அடுத்த மூச்சில் அவருடைய உதட்டைப் பார்த்தாள். வெளுத்திருந்தது.

பதினோரு நாள் எழுந்திருக்கவில்லை. வலி மாத்திரைக்கும் கேட்கவில்லை, வெந்நீர்ப் பைக்கும் கேட்கவில்லை. ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, சமையலறையில் மகள் கை தவறி ஒரு பாத்திர மூடியைப் போட்டுவிட்டாள். அது சுழன்று சுழன்று அடங்க எவ்வளவு நேரம் எடுத்ததோ, அவ்வளவு நேரமும் அவர் கத்தினார்.

“இந்த வீட்டுல ஒருத்தன் உசிரோட செத்துக்கிட்டிருக்கான், அது யாருக்காவது உறைக்குதா?”

கையில் கிடைத்த டம்ளர் பறந்து, புதிதாகப் பூசிய சுவரில் பட்டு விழுந்தது. மகள் அழவில்லை. குனிந்து டம்ளரை எடுத்தாள். மூடியை எடுத்தாள். இரண்டையும் சத்தம் வராமல் துணி மேல் வைத்தாள். அவள் அவ்வளவு கவனமாக வைத்ததைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் மனைவி பாய் ஓரத்தில் வந்து உட்கார்ந்தாள். மூன்று வருடமாக அடக்கிவைத்திருந்த குரல்.

“உங்களுக்கு வலிக்குது. நான் இல்லேங்கல. அதுக்கு அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?”

“நான் வேணும்னா கத்தறேன்?”

“வேணும்னு யாரும் எதுவும் பண்ணல. ஆனா இந்த வீட்டுல இப்ப நாலு பேர் இருக்கோம். நீங்க, நான், அவ, அது. காலையில எந்திரிச்சா முதல்ல அதைத்தான் விசாரிக்கறோம். சாப்பாடும் அதைக் கேட்டுத்தான். என் தங்கச்சி ஊருக்குப் போய் மூணு வருஷம் ஆச்சு, அது விடல. எனக்குக் களைச்சுப் போச்சுங்க. அது போகும் போகும்னு வாசலையே பாத்துட்டு இருக்கோம்.”

அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணின் இரு ஓரத்திலும் நீர் வழிந்து காதுக்குள் போனது.

கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு அம்மாள் சொல்லித்தான், நாள்பட்ட வலிக்கென்றே தனி டாக்டர் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. எட்டாவது. அவர் போக மாட்டேன் என்றார். மனைவி கெஞ்சவில்லை. “நான் லீவு போட்டாச்சு. நீங்க வரலேன்னா நான் மட்டும் போயிட்டு வரேன். எனக்கும் கேக்க வேண்டியது இருக்கு” என்றாள். அவர் சட்டையைத் தேடினார்.

டாக்டரம்மா சின்ன உருவம், வெள்ளைக் கோட்டுக்குள் காணாமல் போய்விடுவார்போல இருந்தார். கொண்டுபோன படங்களின் உறையைத் தொடவே இல்லை. காலையில் எழுந்தது முதல் படுக்கும்வரை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, அரைமணி நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒரு படிவத்தை நகர்த்தி, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் வலி எவ்வளவு என்று குறிக்கச் சொன்னார்.

அவர் பேனாவை வாங்கிக்கொண்டு விழித்தார். மூன்று வருடமாக எல்லா டாக்டரும் கேட்ட கேள்வி. ஏழு, எட்டு என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவந்திருந்தார்.

“நம்பர் எனக்கு வராதும்மா” என்றார். “நிறம் வேணா சொல்லட்டுமா?”

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்கும் புதிது.

“சொல்லுங்க” என்றார் டாக்டரம்மா.

“காலையில சாம்பல். சுத்தச் சாம்பல் இல்ல, ரெண்டு சொட்டு நீலம் விட்ட சாம்பல். அது தாங்கும். பதினோரு மணிக்கு மேல செங்கல் ஏறும். ஓரத்துலேர்ந்து ஊறும், சுவர்ல ஈரம் ஏறும் பாருங்க, அந்த மாதிரி. ரொம்ப முத்திட்டா அரக்கு. அப்ப நான் மனுஷன் இல்ல. எப்பவாவது, வருஷத்துல ஒரு நாள், தண்ணி கலந்த பால் நிறம்.”

டாக்டரம்மா படிவத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் சொல்லி முடித்து, மெதுவாக, “படத்துல ஒண்ணும் இல்லேங்கறாங்க. நிஜமாவே இருக்காம்மா எனக்கு?” என்றார். கேட்டுவிட்டு, சின்னப் பிள்ளைபோல அழுதார்.

“இருக்கு. நீங்களா உண்டாக்கினது இல்ல. அடி ஆறிடுச்சு, ஆனா அந்த நரம்பு இன்னும் அடிபட்டுட்டே இருக்கறதா நினைச்சுக்கிட்டிருக்கு. எத்தனை தடவை சொன்னாலும் நம்ப மாட்டேங்குது.”

அவர் கண்ணைத் துடைத்தார். “வர்ணம் காஞ்ச பிறகும் அறையில வாடை நிக்கும். அப்படியா?”

“அப்படித்தான். நான் இதைவிட நல்லா சொல்லிட முடியாது.”

“அந்த வாடை போயிடும்மா. பத்து நாள்ல.”

டாக்டரம்மா கொஞ்சம் தயங்கினார். “இது முழுசாப் போகும்னு நான் சொன்னா, உங்க லிஸ்டுல எட்டாவது ஆளாத்தான் இருப்பேன். குறைய வாய்ப்பிருக்கு. நல்லாவே குறையலாம். ஆனா அது போன பிறகுதான் வாழணும்னு காத்திருக்கீங்களே, அந்தக் காத்திருப்பை இன்னிக்கே குறைக்கலாம்.”

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. திரும்பி வரும் பஸ்ஸில் மனைவிக்கு முன் சீட்டில் போய்த் தனியாக உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அந்த மூன்று நாளும் வலியைவிட வேறு ஏதோ ஒன்றுதான் அவரைத் தின்றது. ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டு டீ ஆறுவது தெரியாமல் இருந்த ஆள் இனி வர மாட்டான் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவனுக்காக அவர் அழுதுகொண்டிருந்தார். நாலாம் நாள் நெட்டையை வரச் சொல்லி, பால்கனியில் துணி போர்த்தி வைத்திருந்த ஏணியைக் காட்டினார்.

“எடுத்துட்டுப் போ.”

நெட்டை ஏணியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். “நீங்க குடுக்கறதா நான் எடுக்கலண்ணே. உங்களுது என்கிட்ட இருக்குதுன்னு எடுத்துக்கறேன்.” படியில் இறங்கும்போது ஏணி சுவரில் இடித்து இடித்துச் சத்தம் கேட்டது. மூன்று மாடியும் கேட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தவர், மனைவியிடம் டீ கேட்டார்.

எண்ணுக்குப் பதில் நிறமாகவே குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. மகளின் பழைய வரைபடத்தாள் நோட்டில் ஒரு நாளைக்கு மூன்று கட்டம், காலை, மதியம், சாயங்காலம். மிச்சம் கிடந்த சாயக் குப்பிகளிலிருந்து சொட்டு சொட்டாக எடுத்து, ஒரு சாஸரில் கலந்து, அந்த நேரத்து நிறம் சரியாக வரும்வரை விடமாட்டார். ‘இன்னும் கொஞ்சம் கறுப்பு வேணும், இது வலியைவிடப் பிரகாசமா இருக்கு’ என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொள்வார். கலக்கி முடிக்கிற அந்தப் பத்து நிமிடம் வலி அவருக்கு எதிரே சாஸரில் இருக்கும். தோளில் இருக்கிற வலியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமே என்பதற்காகத்தான் தோள் பக்கம் மனசு போகும். பயந்துகொண்டு போகாமல், அளவெடுக்கப் போவதுபோலப் போகும்.

ஐந்து வாரம் கழித்து மகள் ஒரு நாள் நோட்டைப் புரட்டினாள். டம்ளர் சம்பவத்துக்குப் பிறகு அவள் அவர் பக்கத்தில் வந்து உட்காருவது அபூர்வமாகியிருந்தது.

“அப்பா, சனிக்கிழமை மதியம் எல்லாம் வெளுத்திருக்கே. ஏன்?”

அவர் எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை மதியம் நெட்டை வருவான். ஊர் வம்பெல்லாம் பேசுவான்.

“அப்புறம் இது பாருங்க. எங்கெல்லாம் வெளுப்பா இருக்கோ, அதுக்கு அடுத்த நாள் அரக்கு.” அவள் விரல் கட்டம் கட்டமாகப் போனது. “நல்லா இருந்தா அன்னிக்கு என்ன பண்ணுவீங்க?”

என்ன பண்ணுவார்? வீட்டையே தலைகீழாகப் புரட்டுவார். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். இரண்டு பேரும் வெகுநேரம் அந்த நோட்டின் மேல் குனிந்திருந்தார்கள். அவள் தோள் அவருடைய நல்ல தோளில் பட்டுக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் பெண் அவர் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்து, மார்பு உயரத்தில் சும்மா சுவரில் தடவச் சொன்னாள். செங்கல் நிறம் ஓரத்தில் ஊறத் தொடங்கியதும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு நிமிடம் வந்தது.

“இதுதான் உங்க அளவு. கெட்ட நாளா இருந்தாலும் பன்னிரண்டு, நல்ல நாளா இருந்தாலும் பன்னிரண்டு” என்றாள்.

“கெட்ட நாளுக்குச் சரி. நல்ல நாள்ல எதுக்கு நிறுத்தணும்?”

“நல்ல நாள்லதான் நிறுத்தணும். அதுதான் கஷ்டம், பாருங்க.”

அவர் குடியிருந்த கட்டடத்தின் மாடிப்படிச் சுவர் கண்கொண்டு பார்க்கச் சகிக்காது. பன்னிரண்டு வருட அழுக்கு. கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்காரம்மாவிடம் போய், நான் பூசித் தரட்டுமா என்று கேட்டார்.

“எத்தனை நாள் ஆகும்?”

“தெரியலம்மா. காலையில பன்னிரண்டு நிமிஷம், சாயங்காலம் பன்னிரண்டு நிமிஷம். மேல்பாதிய என் கூட்டாளி சனிக்கிழமை வந்து முடிச்சுடுவான்.”

வீட்டுக்காரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். “இத்தனை வருஷம் அழுக்கா இருந்தாச்சு. மெதுவாவே போகட்டும். எனக்கென்ன, ரயிலா பிடிக்கணும்?”

மாடிப்படிக்கு மேலே கூரையில் ஒரு கண்ணாடி பதித்திருந்தது. அதன் வழியாக வெளிச்சம் மூன்று மாடியும் இறங்கி வரும், கிணற்றுக்குள் விழுவதுபோல. குழிகளைப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, அடிப்பூச்சு முடிக்கவே ஏழு வாரம். பிறகு நிறம். பனிமூட்டம் போன்ற ஒரு நிறத்தைக் கலந்தார். கீழே கொஞ்சம் கனமாக ஆரம்பித்து, படிக்குப் படி ஒரு சொட்டு வெள்ளை கூட்டிக்கொண்டே போவது அவர் யோசனை. படியேறுகிறவர்களுக்கு அது தெரியாது; ஆனால் ஏறும்போது ஏதோ லேசாவதுபோல இருக்கும். மகள் கொடுத்த சமையல் கடிகாரம் படியில் உட்கார்ந்து டிக் டிக்கென்று ஓடும். பிரஷ் போகும், வரும். ஈரம் மினுங்கி அடங்கும். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தின் நடுவில் எங்கேயோ, மூன்றோ நாலோ நிமிடம், பழைய மேல்படி நேரம் திரும்பி வருவதை அவர் கவனித்தார். வலி எங்கும் போய்விடவில்லை. இருந்தது. ரேடியோ பக்கத்து வீட்டில் பாடுவதுபோல இருந்தது.

ஆனால் ஒரு சங்கடம். சுவரை நடுவில் நிறுத்தினால் ஒட்டுக் கோடு விழும். பாதி காய்ந்த ஓரத்தில் மறுநாள் வர்ணம் ஏறினால், நிழல்போல ஒரு தழும்பு. கோடு தெரியாமல் பூசுகிறவர் என்று பேர் வாங்கியவருக்கு அது நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில், பெரிய சுவர். ஒரு காலையில் கடிகாரம் கிணுகிணுத்தது. பால் நிறத்து நாள் வேறு. ‘இந்த ஒரு சுவர் மட்டும்’ என்று கடிகாரத்தின் வாயை மூடிவிட்டு, நாற்பது நிமிடம் நின்று, கோடில்லாமல் முடித்தார்.

மறுநாள் அரக்கு வந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய பயம் எழுந்தது: அவ்வளவுதான், மறுபடி ஆரம்பம், இனி எழுந்திருக்க மாட்டேன். அந்தப் பயத்தையும் ஒரு நிறமாகப் பார்க்க முயன்றார். அது வலியின் நிறமில்லை என்று தெரிந்தது. கறுப்பு, மேலாகப் பூசிய கறுப்பு. அடியில் இருந்தது என்னவோ அவருக்குத் தெரிந்த அரக்குதான்.

பள்ளிவிட்டு வந்த மகளைக் கூப்பிட்டார்.

“இன்னிக்கு அரக்கு. நேத்து நான் பண்ணின முட்டாள்தனம். உன் மேல ஒரு கோபமும் இல்ல. நாலஞ்சு நாள் ஆகும், அப்புறம் சரியாகும். நீ பாட்டு வச்சுக்கோ.”

அவள் பையை இறக்கி வைத்தாள். “அப்ப மூடியக் கீழ போடலாமா?”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபோது தோளிலிருந்து விரல்வரைக்கும் மின்னல் ஓடியது. “ஐயோ, சிரிக்க வைக்காதே” என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். அவள் நிஜமாகவே சமையலறைக்குப் போய் ஒரு மூடியைப் போட்டாள். அது சுழன்று அடங்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

ஆறு நாளில் எழுந்தார். முதலில் போய் மாடிப்படியில் கடிகாரத்தை வைத்தார். அதற்குப் பிறகு வந்த சுவர்களில் ஒட்டுக் கோடுகள் இருக்கின்றன. சாயங்காலம் நாலு மணிக்குக் கூரைக் கண்ணாடி வழியாக வெயில் சாய்ந்து விழும்போது பார்த்தால் தெரியும். நெட்டை ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “மறைச்சுடவாண்ணே?” என்றான். “வேணாம்டா. அங்க நிறுத்தினது சரியான வேலை” என்றார். மொத்தம் ஏழு மாதம் ஆயிற்று. வீட்டுக்காரம்மா தன் அக்கா வீட்டுக்கும் அவரையே அனுப்பினார்.

இப்போது நெட்டையும் அவரும் மறுபடி கூட்டாளிகள். தளமும் உயரமும் நெட்டை. நிறம் கலப்பதும், மார்பு உயரத்துச் சுவரும், வீட்டுக்காரர்களின் தகராறைத் தீர்ப்பதும் இவர். பன்னிரண்டு பதினெட்டாகி, சில மாதம் பத்தாகி, இருபதில் நிற்கிறது. அரக்கு நாட்கள் இன்னும் வரும். வலியைத் திட்டாத நாளும் இல்லை. நோட்டு மூன்று நிறைந்தபின் எழுதுவதை விட்டுவிட்டார். பார்த்தாலே தெரிகிறது, எதற்குக் கலக்கணும் என்றார்.

மகள் கல்லூரிக்கு வேறு ஊர் போய் இரண்டு வருடம் ஆகிறது. பஸ்ஸில் ஐந்து மணி நேரம். அவ்வளவு நேரம் குலுங்கினால் தோள் என்ன ஆகும் என்று அவர் போனதே இல்லை. அவள்தான் வந்துபோனாள். போன மாதம் மனைவி ஒரு வழிப்படத்தை மேஜையில் விரித்தாள்.

“ஒரே மூச்சா எதுக்குப் போகணும்? ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஊர்ல இறங்குவோம். நடுவுல ஒரு இடத்துல தங்குவோம். நாளைக்குள்ள போய்ச் சேரலேன்னா யாரு கேக்கப் போறா?”

அப்படியே கிளம்பினார்கள். முதல் ஊரில் டீ குடித்தார்கள். இரண்டாவது ஊரில் ஒரு மரக்கடை வாசலில், வெட்டிய பலகையின் வாசனையில், கொஞ்ச தூரம் நடந்தார்கள். மூன்றாவது ஊரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஏரி இருந்தது. இறங்காமல் போயிருந்தால் அது இருப்பதே தெரிந்திருக்காது. கரையில் ஒரு சிமெண்டு பெஞ்ச். மதிய வெயில் தண்ணீரில் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரையில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சைக்கிள் தெரிந்தது, சத்தம் வரவில்லை. அவர்களை அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. அடுத்த பஸ் எப்போது என்று இருவருமே விசாரிக்கவில்லை.

மனைவி பேசிக்கொண்டே இருந்தவள், பேச்சின் நடுவில் தூங்கிவிட்டாள். அவள் தலை மெல்லச் சாய்ந்து அவருடைய இடது தோளில் வந்து நின்றது.

சுருக்கென்று ஏறியது. முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருப்பார், பிறகு நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் வெடுக்கென்று உதறியிருப்பார். அவர் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு அவர் சட்டையில் பட்டது. பிறகு அவள் கன்னத்தை விரலால் தட்டினார்.

“இந்தத் தோள் வலிக்குதும்மா. அந்தப் பக்கம் வந்து உக்காரு.”

அவள் அரைக்கண்ணைத் திறந்தாள். எழுந்து, அவருக்கு முன்னால் தூக்கத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வலது பக்கம் உட்கார்ந்தாள். தலையைச் சாய்த்தாள்.

“இப்பப் பரவாயில்லையா?” என்றாள்.

“ம். நீ தூங்கு.”